பின்னால், மங்கலாக

பதூமியில் மழைக்கு இது எட்டாவது நாள்.
பேக்கரிக்குள் தண்ணீர்; வேலை இல்லை.
கொழுந்தனிடம் கடன்வாங்கிய கேமராவை
ஜன்னலுக்கு ஒரு சாண் தள்ளி,
மாவுச் சல்லடையைக் கவிழ்த்து
அதன்மேல் நிறுத்தினாள் லம்சிரா.

கண்ணாடியைக் கூர்மையாக்கினால் தெரு கரைந்தது.
தெருவைக் கூர்மையாக்கினால் துளிகள் கரைந்தன.
இரண்டில் ஒன்றுதான்
என்றது கேமரா, கறாராக.

துளிகளை எடுத்தாள்.
ஒவ்வொன்றிலும் எதிர்வீடு தலைகீழாக:
வானம் அடியில், பால்கனி நடுவில்,
கொடியில் போட்ட போர்வை
மேல்நோக்கித் தொங்கியது.
இரு துளிகள் நெடுநேரம் தயங்கி
சட்டென ஒட்டிக்கொண்டு
ஒரே ஓட்டமாக இறங்கின.
அதைத் தவறவிட்டாள். தன்னையே திட்டிக்கொண்டாள்.

அப்புறம் சிவப்பு வந்தது.
எல்லாத் துளிக்குள்ளும் ஒரே நேரத்தில்,
மாதுளையைப் பிளந்ததுபோல.
மூச்சைப் பிடித்துக்கொண்டு
பதினொரு முறை அழுத்தினாள்.
நன்றாக வருகிறது, இன்னும், இன்னும்,
போய்விடாதே
என்று வெளிச்சத்திடம் சொன்னாள்.

போகத்தான் செய்தது. சத்தமே இல்லாமல்.

மாலையில் குப்பை கொட்ட இறங்கியபோது
எதிர்வீட்டு மூன்றாம் மாடி தெமுரி
போய்விட்டார் என்றார்கள்.
மனைவி செருப்புகூடப் போடாமல்
ஆம்புலன்ஸில் ஏறினாளாம்.

பதினொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தாள்.
துளி துல்லியம். துளியின் விளிம்பும் துல்லியம்.
ஏழாவது படத்தில் பின்னால், மங்கலாக
வெளிறிய ஏதோ ஒன்று.
வெறும் பாதங்களாக இருக்கலாம்.
போர்வையாகவும் இருக்கலாம்.

அழிக்கவா என்று கேட்கிறது கேமரா.
எதிரே போர்வை இன்னும் நனைகிறது;
எடுத்து உள்ளே போட ஆளில்லை.