புதன்தான் தீர்கிறது

ஹான்காக் ஊரில் ஆகஸ்ட் கடைசி.
கால்வாய்க் காற்றில் ஜன்னல் வலை படபடக்கிறது.
பாலத்துக்கு அப்பால் கல்லூரி.
இப்பால், சமையலறை மேசையில்,
பழைய மின்கட்டண ரசீதின் பின்பக்கம்
ஐந்து கட்டங்கள் போட்டு வைத்திருக்கிறேன்
திங்கள் முதல் வெள்ளி வரை.

பொது வேதியியலில் இரண்டு வழி.
ஒன்று, இரு பருவம் நடந்து போவது.
மற்றது, ஒரே பருவத்தில் ஓடிக் கடப்பது.
நாற்பதுக்கு முப்பத்தெட்டு வாங்கியிருக்கிறாய்
ஓடு என்கிறது கணினி.

அதற்குத் தெரியாது
எங்கள் பள்ளி வேதியியல் ஆசிரியை
ஜனவரியில் வேலையை விட்டுப் போனது.
மிச்ச வருடம் ஹாக்கி பயிற்சியாளர் ஹெய்க்கினன்
வீடியோ போட்டுவிட்டு
பின்வரிசையில் கையுறை தைத்துக்கொண்டிருந்தார்.
இளஞ்சிவப்பாகும் அந்த நொடியைத்
திரையில் பார்த்தே மோல் கணக்கெல்லாம் போட்டேன்.
பியூரெட்டின் திருகை
ஒருமுறைகூடத் தொட்டதில்லை.

என் அறையில் தங்கப்போகும் ஜோலின் பெலாஞ்சர்
எழுதுகிறாள்: "தாண்டிவிடு.
வசந்தத்திலேயே கரிம வேதியியல்."
எட்டு வருடத்தையும்
நிறம் பிரித்து வைத்திருக்கிறாள் அவள்.

நடக்கிற பாடத்துக்கு ஆய்வகம்
புதன் மதியம் ஒன்றிலிருந்து நான்கு.
புதன் மதியம் நான்
மருத்துவமனைச் சலவையறையில் போர்வை மடிக்கிறேன்,
மணிக்குப் பதின்மூன்று டாலர்.
ஓடுகிற பாடத்துக்கு வெள்ளி காலை.
வெள்ளி காலை எனக்கு வேலை இல்லை.

அந்த வீடியோக்களில் ஒன்று மறக்கவில்லை:
எது முதலில் தீர்கிறதோ
அதுதான் முடிவு செய்யும், எவ்வளவு விளையும் என்று.
மற்றது குடுவையில் எத்தனை மிஞ்சினாலும்
சும்மா கிடக்கும்.
என்னிடம் மதிப்பெண் மிஞ்சுகிறது.
பயமும்கூட.
புதன்தான் தீர்கிறது.

லொரைனை அழைத்தேன்.
சலவை இரைச்சலுக்கு மேல் கத்தினேன்,
புதனுக்குப் பதில் ஞாயிறு இரவு வரட்டுமா?
"ஞாயிறு இரவுக்கு எவளும் வரமாட்டாள். வா.
எதுக்கு?"
கண்ணாடிக் குழாயிலிருந்து
சொட்டுச் சொட்டாக விடக் கற்றுக்கொள்ள.
கொஞ்ச நேரம் இயந்திரம் மட்டும் சுழன்றது.
"நல்லதுதான்" என்றாள்,
"நீ பிளீச் ஊற்றும் லட்சணம் எனக்குத் தெரியும்."

திரும்பி வந்தால்
காலி இடம் ஒன்று என்றிருந்தது
பூஜ்யம் ஆகியிருக்கிறது.
காத்திருப்போர் பட்டியலில் நான் மூன்றாவது.
பெயரைக் கொடுத்தேன்.

புதன் கட்டத்தில் ஆய்வகம் என்று
பென்சிலால், அழுத்தாமல், எழுதினேன்.
ஞாயிறுக்குக் கட்டமே போட்டிருக்கவில்லை.
ஓரத்தில் ஒன்று இழுத்தேன்.
தாள் போதாமல்
கோடு மேசை மரத்தில் இறங்கிவிட்டது.