ஆறாம் படி

லிஸ்பன், அறுபத்தாறு. மூன்றாம் மாடி.
ஜன்னலைத் திறந்தால் ஆற்றுக் காற்று தாளைக் கலைக்கும் என்று
மேஜர் கின்தேலா திறக்கவே விடமாட்டார்.
காலாட்படையிலிருந்து ஓய்வுபெற்றவர்,
நீலப் பென்சிலிலிருந்து இன்னும் இல்லை.

நான் தட்டச்சுக்காரி, கிராசியெட்.
அவர் கோடிட்ட வரிகளை மட்டும்
பக்க எண்ணோடு அடித்துத் தரவேண்டும்.
ஐந்து படிகள்.
யார் யாருக்கு என்று கேட்கக் கூடாது.

அந்த நாவல் வந்த வாரம்
மேஜருக்கு மூன்று பென்சில் தேய்ந்தது.

பக்கம் 41: 'விளக்கை அணைக்காதே, உன் முகம் தெரியட்டும்.'
பக்கம் 88: 'அங்கே இல்லை. இன்னும் மெதுவாக.'
பக்கம் 130: அவள் சிரித்தாள்.
(இதற்கு மட்டும் இரட்டைக் கோடு.)

பழக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த கை
130இல் நின்றது.
புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டினேன்.
52இல் அவன் அவளை அறைகிறான். கோடில்லை.
மாவுமில் முதலாளி வேலைக்காரியைக் கதவோடு நெருக்குவது
முழுசாக இரண்டு பக்கம். கோடில்லை.
மேஜருக்கு உறுத்தியதெல்லாம்
ஒரு பெண் வாயைத் திறந்து
இது வேண்டும் என்ற இடங்கள்தான்.

எனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம்.
'மெதுவாக' என்ற சொல்லை
ட்ராம் ஓட்டுநரிடம் சொல்லியிருக்கிறேன்,
சூப் குடிக்கும் பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன்.

அன்று உருளைக்குள் இன்னொரு கார்பன் செருகினேன்.
ஆறாம் படி. எழுத்து மங்கல், புகை மாதிரி.
காலுறைக்குள் மடித்து
வீட்டுக்கு.

செதூபலில் மீன் டப்பா ஆலைக்குப் போகும்
நாத்தனார் ஒடெட் வாங்கிக்கொண்டு போனாள்.
தம்பியிடம் சொல்லமாட்டாள், அது தெரியும்.
மாதக் கடைசியில் தாள் திரும்பியபோது
மத்தி எண்ணெய் வாடை.
88க்கு நேரே, எழுதக் கற்று அதிக நாளாகாத கையில்,
யாரோ ஒருத்தி:
'ஆமாம்.'

புரட்சி வந்த வருஷம் நாவலும் வந்தது,
வெட்டுப்படாமல், கடை வாசலில் குவியலாக.
வாங்கினேன். பெரும்பகுதி
வாடகை பாக்கி, ஒழுகும் கூரை, யாருடையதோ இருமல்.
எங்கள் வரிகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.
கொஞ்சம் ஏமாற்றம்தான், மறைப்பானேன்.
இதற்கா மூன்று பென்சில்?

கணவருக்கு இதெல்லாம் இன்றுவரை தெரியாது.
அறுபத்தாறு டிசம்பரில் ஒரு ராத்திரி,
விளக்கை ஏன் இன்னும் அணைக்கவில்லை என்று கேட்டார்.
படித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

கையில் ஒன்றுமே இல்லை.