ஆறு நாற்பதும் ஏழு பத்தும்

பர்கூர் பாலிஷ் யார்டில் எனக்கு வேலை
கல்லைப் படம் பிடிப்பது.
கறுப்பு ஸ்லாப், நம்பர், ஓரத்தில் அளவு டேப்.
என் முழங்கால் எந்தக் கல்லிலும் தெரியக்கூடாது,
தெரிந்தால் வாங்குகிறவன் மெயில் போடுவான்.

கறுப்பைப் பற்றி அங்கேதான் தெரிந்தது:
வெளிச்சம் விழாத இடம்தான்
அடுத்த படத்துக்கு இடம் விடும்.
வெளுத்த வானத்தின்மேல்
எதை எடுத்தாலும் ஒட்டாது.

டீ நேரத்தில் இதைச் சொன்னேன்.
ஈரக் கையால் பன்னைப் பிய்த்தபடி மாதேஷ்
'அப்ப ஒரே போட்டோவ ரெண்டு தடவ எடுக்கலாமா?'
எடுக்கலாம்.
'வேற வேற நேரத்துல?'
எடுக்கலாம்.
பன் தீரும்வரை பேசவில்லை.
'நானும் கோகிலாவும் சேந்து நின்னது
கல்யாண ஆல்பத்தோட சரி.'

அவனுக்குப் பகல்.
அவளுக்கு ஓசூர் பக்கம் போன் செய்கிற கம்பெனியில் இரவு.
பழையபேட்டை லைன் வீட்டை
ஆறு நாற்பதுக்கு அவன் பூட்டுவான்
ஏழு பத்துக்கு அவள் திறப்பாள்.
சாவி ஒன்று, மீட்டர் பெட்டி மேல்.
செவ்வாய் ராத்திரி மட்டும் அவளுக்கு லீவு.
'அன்னிக்குத் தூங்கவே சரியா இருக்கும்.'

புதன்கிழமை. கம்பெனியின் டிஜிட்டல், முக்காலி.
கறுப்புச் சட்டை, டிபன் பை, கையில் சாவி,
கூரைக்கு மேலே சையத் பாஷா மலை.
அவனுக்கு அரை வெளிச்சம்தான் கொடுத்தேன்.

பிறகு முப்பது நிமிடம்.
ஒரு கோழி லென்ஸுக்கு முன்னால் நின்று யோசித்தது.
எதிர் வீட்டுக்காரர் வந்து
'ரோடு அகலம் பண்றாங்களா?' என்றார்.
காமிரா பொறுக்காமல் தூங்கிப்போனது.
தட்டி எழுப்பி
கார்டிலிருந்த அவனை அடியில் போட்டு
அவளுக்காகத் திறந்து வைத்தேன்.

கழுத்தில் அடையாள அட்டையோடு வந்தாள்.
கண் இரண்டும் சிவந்து.
'சிரிக்கணுமா?
அவரு சிரிச்சாரா?'
இல்லை என்றேன்.
'அப்ப எனக்கும் வேணாம்.'

வியாழன், பிலிம்.
பெங்களூர் ஞாயிற்றுச் சந்தையில் வாங்கிய பழசு.
அடிப் பொத்தானை அழுத்திக்கொண்டு லீவரைத் தள்ளினால்
ஷட்டர் ஏறும், பிலிம் நகராது.
நகராது என்பது பேச்சுக்கு.
ஒரு மயிரிழை நகரும்.
ஆனால் இதற்குக் காத்திருக்கத் தெரியும்,
அரைகுறையாக விழுந்தவனை
யாருக்கும் காட்டாமல்
இருட்டில் வைத்துக்கொண்டு.

பிரிண்டுகளோடு நான் போனது
அடுத்த செவ்வாய் ராத்திரி.
இருவரும் வீட்டில் இருந்தார்கள், ஒரே பாயில்,
தோள் உரச.
தோளில் காமிரா தொங்கியது.
எடுக்கலாமென்று மூன்று பேருக்கும் தோன்றவில்லை.

டிஜிட்டலில் கதவு கச்சிதம், பூட்டு கச்சிதம்,
மலை இருந்தபடி மலை.
இரண்டு முறையும் இருந்தது முழுசாக விழும்
ஒருமுறை வந்தது பாதி.
இவர்கள் உடம்பு வழியாகக் கதவின் பலகை தெரிந்தது.
'வீட்டு ஓனர் பாத்தா சந்தோஷப்படுவாரு' என்றாள்.

பிலிமில் மலைக்கு ஒட்டினாற்போல் ஒரு தம்பி.
பூட்டுக்குப் பக்கத்தில் பூட்டு.
அவன் கறுப்புச் சட்டை விட்ட இடமெல்லாம்
அவள் துப்பட்டாவின் மஞ்சள் பூ.
முகங்கள் ஒட்டவில்லை,
ஒரு விரல் தூரம்.

மாதேஷ் அதை ட்யூப்லைட் பக்கம் திருப்பினான்.
'சாவி ஒண்ணுதான?'
அவன் கையில் ஒன்று.
அவள் கையில் ஒன்று.
இன்னொரு தடவை எண்ணினான்.

கோகிலா படத்தை வாங்கி
அரிசி டப்பாமேல் சாய்த்து வைத்துவிட்டு
'டூப்ளிகேட் போட எவ்ளோ ஆகும்?' என்றாள்.
நான் பிரிண்டுக்கு விலை சொன்னேன்.