மாதிரி வரைபடம்

முதலில் வடக்கை வரைய வேண்டும்.
ஓர் அம்புக்குறி, அதன் தலையில் 'வ'.
பிறகு இரண்டு கோடுகள்: நீடாமங்கலம் சாலை.
கிழக்கே வாய்க்கால், மேற்கே வயல்.
மைல்கல்லுக்குக் கட்டம், புளியமரத்துக்கு வட்டம்.
வண்டிக்குப் பெருக்கல் குறி.
ஆளுக்கும் அதே குறிதான், பக்கத்தில் ஓர் எண்.

நெல்லுக்கு எங்களிடம் குறி கிடையாது.

போகி விடியல், ஐந்தேகால்.
டயர் எரித்த புகையும் மார்கழிக் கடைசிப் பனியும்
ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சாலையில் படுத்திருந்தன.
அதற்கடியில் கறுப்புத் தார்ப்பாய்.
தார்ப்பாய்க்கடியில் நெல்.
காற்றுக்குப் பறக்காமலிருக்க வரிசையாகத்
தலையளவு கருங்கற்கள்.

தலையளவு என்று எழுதியதை அடித்துவிட்டு
சுமார் ஒன்பது அங்குலம் என்று எழுதினேன்.

சுபாகர், வயது இருபத்தாறு,
திருப்பூர் பனியன் கம்பெனியில் கட்டிங்.
ஆம்னி பஸ்ஸில் இரண்டாயிரத்து எண்ணூறு கேட்டிருக்கிறார்கள்.
பெட்ரோல் எழுநூறு.
கணக்கில் தப்பில்லை.
கரூரில் ஒரு டீ, திருச்சியில் ஒரு டீ.
வல்லத்தில் சோதனை. கேமராவில் பார்த்தேன்:
ஹெல்மெட் தலையில்தான் இருக்கிறது,
பட்டைகூட மாட்டியிருக்கிறான்,
எங்கள் ஆள் கையசைத்துப் போகச் சொல்கிறார்.

கீழவாசலில் அப்போதே திறந்திருந்தது ஒரு கடை.
அச்சுவெல்லம் இரண்டு கிலோ.
முன்னால் பை, பின்னால் பை,
கைப்பிடியில் மஞ்சள் கொத்து, கரும்பு வேறு.
வெல்லம் வைக்க இடமில்லை.
இனி முப்பது கிலோமீட்டர்,
இனி நம்ம பக்கம், நம்ம ரோடு,
இனி யார் பிடிக்கப்போகிறார்கள்?

வாய்க்கால் சரிவில் கிடந்தது ஹெல்மெட்,
கவிழாமல், ஏனம்போல நிமிர்ந்து.
உள்ளே ஓர் அச்சுகூட உடையவில்லை.
ஏட்டு பன்னீர் விரலால் தட்டிப் பார்த்து
"நல்ல கம்பெனி" என்றார்.
பிறகு ரொம்ப நேரம் வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நெல்லுக்குடையவர் மகாலிங்கம்.
காவலுக்குப் படுத்திருந்தவர், நூற்றெட்டுக்கு அழைத்தவரும் அவரே.
"ஈரம் பத்தொம்பதும்மா.
பதினேழுக்கு வந்தாத்தான் மூட்டை பிடிக்கிறான்.
களத்துல ரேசன் கடை கட்டிட்டாங்க,
வேற எங்க காய வைக்கிறது?"
முகம் துடைக்கத் தோளைத் தடவினார்.
துண்டு அங்கில்லை.
அது அவன் தலைக்கடியில் வைத்து ஆம்புலன்ஸில் போய்விட்டது.

நான் மூன்று நாளாக அந்த நெல்லை ஒதுங்கித்தான்
ஸ்கூட்டியில் ஸ்டேஷனுக்கு வந்துகொண்டிருந்தேன்.
ஒன்றும் சொல்லவில்லை.
எங்கள் நெல் அம்மாப்பேட்டை ரோட்டில் காய்கிறது.
வீட்டுக்காரர் கல் வைத்தார்.
தார்ப்பாயின் ஒரு முனையை
நான்தான் இழுத்துப் பிடித்தேன்.

காரணம் என்ற கட்டத்தில்
'அதி' என்று தட்டினாலே மிச்சத்தைக் கணினி போட்டுக்கொள்ளும்:
அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்.
யாருடைய அஜாக்கிரதை என்பதற்குக்
கட்டத்தில் இடம் போதாது.
படத்தின் கீழே எப்போதும் எழுதுவதை எழுதினேன்:
அளவுகோலுக்கு உட்பட்டதல்ல.

காணும் பொங்கலன்று அவன் தங்கை வந்தாள்.
ஒப்படைப்பு ரசீது: ஹெல்மெட் ஒன்று, வெல்லம் இரண்டு கிலோ.
கையெழுத்துப் போட்டாள்.
வெல்லத்தை மேசையிலேயே வைத்துவிட்டாள்.
ஹெல்மெட்டைக் கவிழ்த்து, ஒட்டியிருந்த தூளைத் தட்டி,
வெளியே வண்டியோடு நின்ற சித்தப்பாவின் தலையில் மாட்டினாள்.
அவருக்கு அது பெரிசு.
தாடைக்கடியில் பட்டையை இழுத்தாள்,
'டக்' என்று கேட்கும்வரை விடவில்லை.
அவர் சின்னப் பிள்ளைபோல நிமிர்ந்து கொடுத்தார்.

இரவு பணி முடிந்து அம்மாப்பேட்டை ரோட்டுக்குப் போனேன்.
எங்கள் கற்கள் இருபத்திரண்டு.
முதல் கல்லைத் தூக்கினேன்.
தார்ப்பாய் விளிம்பு படபடத்தது.
இதை எங்கே போடுவது என்று தெரியாமல்
கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.
தெற்கே, தொலைவில்,
ஒற்றை விளக்கு ஒன்று வந்துகொண்டிருந்தது.