பதினான்காம் நாள்

மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸில்
கெம்பம்மா தராசைப் பார்ப்பதில்லை, என் விரலைப் பார்ப்பாள்.
"முரிபேடி மேடம், முரிபேடி."
முனை ஒடிக்காமல் வெண்டைக்காயை எப்படி வாங்குவது?
நான்கு ஒடித்தால் நான்கையும் எடையில் போடுவாள்,
ஒடியாமல் வளைந்ததையும் சேர்த்து.

அதே வேலைக்குத்தான் எனக்குச் சம்பளம் என்று
அவளிடம் சொன்னதில்லை.

ஹெப்பாளில் வலை போட்ட கூடம்.
காலையில் பூ விரியும், மஞ்சள், நடுவில் கருஞ்சிவப்பு.
காம்பில் நூல் கட்டித் தேதி எழுதுவேன்.
சாயங்காலம் சுருண்டுவிடும். அன்றிலிருந்து கணக்கு.
ஐந்தாம் நாள், டக்.
ஏழாம் நாள், கொஞ்சம் யோசித்துவிட்டு, டக்.
ஒன்பதாம் நாள் முனை தொங்கும்,
நார் விடாது.

அந்தக் காயை மெல்லிசாகச் சீவி
சாயமும் அமிலமும் சொட்டு விட்டால்
லிக்னின் உள்ள இடமெல்லாம் சிவக்கும்,
கண்ணாடிச் சில்லுக்குள்
வெற்றிலை போட்ட வாய்.

ஒரு மரபணு. பெயர் மூன்று எழுத்து, ஓர் எண்.
அது சொன்னால் செல் தன் சுவரைக் கெட்டிப்படுத்தும்.
அதன் குரலைத் தணித்தோம்.
மூன்று வருடம், இருநூற்றுப் பதினாறு நாற்று.
கேட்டது நாற்பத்தொன்று மட்டும்.

பதினான்காம் நாள். ஒரு சாணுக்கு மேல் காய்.
ஒடித்தேன்.
டக்.
"இன்னொண்ணு," என்றான் இர்ஃபான்.
டக்.
சீவிச் சாயம் விட்டோம்.
வெளிறிய ஈறு, அங்கங்கே ஒரு சிவப்புப் புள்ளி.
அன்று மதியம் கேன்டீனில் வெண்டைக்காய் சாம்பார்.
எல்லார் தட்டோரத்திலும் மென்று துப்பிய நார்.
நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில்
பக்கத்து மேசைக்காரர் எழுந்து போனார்.

செப்டம்பரில் ஒரு ராத்திரி மழை.
ரிங் ரோடு முழுக்கத் தண்ணீர்,
நான் போய்ச் சேரப் பத்தரை.
மற்ற வரிசைகள் நனைந்து நின்றன.
நாற்பத்தொன்று படுத்திருந்தது.
முறியக்கூட இல்லை,
காய்களோடு அப்படியே சாய்ந்து சேற்றில்.

ஹொன்னம்மா மூங்கில் குச்சி நட்டாள்,
சணல் கயிற்றால் தண்டைச் சேர்த்துக் கட்டினாள்.
மூங்கிலிலும் சணலிலும் இருப்பது எது என்று எனக்குத் தெரியும்.
உள்ளிருந்து எடுத்ததை
வெளியிலிருந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தோம்.
"ஏக்கர் முழுக்க இப்படித்தான் கட்டணுமா?
கூலி யார் குடுப்பா?"
கன்னடத்தில் கேட்டாள். எனக்குப் புரியாத மாதிரி நின்றேன்.

விதைக்கு விட்ட காய்கள் அடுத்த மாதம்.
மற்றவை காய்ந்து, முகடு முகடாய்ப் பிளந்து
விதையைக் காட்டின.
இது வாயே திறக்கவில்லை.
பிளேடால் கீறினேன். உள்ளே பூஞ்சை,
ஈரத்திலேயே முளைத்துச் செத்த வெள்ளை வேர்கள்.
நல்ல விதை பதினொன்று.

காயில் மட்டும் தணியட்டும், தண்டில் வேண்டாம்,
காயிலும் பத்து நாள் வரைக்கும் போதும்
என்கிறார் பார்கவி மேடம், பலகையில் அம்பு வரைந்தபடி.
அம்புக்கு ஒரு நிமிஷம்.
எங்களுக்கு இன்னொரு மூன்று வருடம்.

நேற்றும் கெம்பம்மாவிடம் ஒன்று வளைந்தது.
எடையில் போட்டாள், நான் வாயைத் திறக்கவில்லை.
அதைச் சமைக்காமல் ஜன்னலில் வைத்திருக்கிறேன்,
காம்பில் நூல் கட்டி, தேதி எழுதி.
பறித்த காய், வெடிக்குமா தெரியாது.