நூறு பீசுக்கு இரண்டு

பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில்
ஜெராக்ஸ் கடை மாடி.
பயோடேட்டா, பக்கத்துக்கு முப்பது ரூபாய்.
டைப் அடிக்கிற பொண்ணு கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்:
"ரெட்யூஸ்டுங்களா அக்கா,
ஹேவ் ரெட்யூஸ்டுங்களா?"

பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள்.
ஒருவர் கையில் பட்டா நகல்.

நான் செக்கிங்கில் சேர்ந்த வருஷம்
நூறு பீசுக்கு ஏழு கழிந்துகொண்டிருந்தது.
ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை,
கழுத்துப் பட்டி முறுக்கல்,
ஒரு தோள் ஏறி ஒரு தோள் இறங்கின பனியன்.
இரண்டுக்குக் கொண்டு வந்தோம்.
பதினோரு வருஷத்துக்கு
அந்த ஒரு வரிதான் மிச்சம்.

"வருஷம் போட்டா ஹேவ் வராதுங்க.
போடாட்டி வரும்" என்றாள்.
வருஷம் போடாமல் எப்படி?
போன ஆவணியில் போர்டைக் கழற்றினார்கள்.
நாலு பேர் மேலே, ஒருத்தர் கீழே நின்று
மெதுவா மெதுவா என்று கத்திக்கொண்டு.
இப்போது அங்கே தண்ணீர் கேன் அடுக்கியிருக்கிறது.

தமிழில் எனக்கு இந்த வெசனம் இல்லை.
குறைத்திருக்கிறேன் என்றால்
குறைத்துவிட்டு இங்கேயே இருக்கிறேன்,
ஒரம்பரைக்கு வந்தவள்
பாயில் உட்கார்ந்த மாதிரி.
இங்கிலீஷ்காரனுக்கு அது இருப்பது இல்லை,
வைத்திருப்பது.
செய்து முடித்ததைக் கையில் வைத்துக்கொண்டு
நிற்கிறான் அவன்.
என்னிடம் என்ன இருக்கிறது?
நூல் வெட்டும் கத்தரி ஒன்று, இஞ்ச் டேப் ஒன்று,
ரிஜெக்ஷன் இரண்டைத் தொட்ட மாதம் கொடுத்த டிபன் டப்பா.
அதன் மூடி நெம்ப இறுக்கம்.
அவசரத்துக்குத் திறக்காது.

"ஹேவை எடுத்துரு கண்ணு."
ஒரு தட்டில் போய்விட்டது.

அப்புறம்தான் பார்த்தேன்.
வரி தொடங்குவதே ரெட்யூஸ்டு.
"ஐ எங்கே?"
"பயோடேட்டாவுல ஐ போட மாட்டாங்கக்கா."

குறைத்தேன் என்று எழுதினால்
வாலிலேயே நான் தொங்கிக்கொண்டிருப்பேன்,
வெட்டினால் சொல்லும் சேர்ந்து விழும்.
இது ஆளே இல்லாத வினை.
காலம் மட்டும் இருக்கிறது,
ஆள் இல்லை.
எனக்கு ஏனோ மூச்சு சீரானது.

ஏனென்றால் ஊசியை மாற்றாமலே ஓட்டுகிறார்கள் என்று
கண்டுபிடித்தது துளசிமணி.
ஷிப்டுக்கு ஒரு ஊசி வேணும் என்று
சூப்பர்வைசர் பொன்னுதுரையிடம்
சண்டைக்குப் போனதும் அவள்தான்.
ரிப்போர்ட்டில் கையெழுத்து மட்டும் என்னுடையது.
அவள் இப்போது பல்லடத்தில்
தீவனக் கடைக்குக் கணக்கு எழுதுகிறாள்.
அவளிடம் யாரும் பயோடேட்டா கேட்கவில்லை.

பவர் டேபிளில் சித்தே தள்ளி உட்காருவோமே,
அந்த மாதிரி
முதல் சொல்லுக்கு முன்னால்
ஓர் ஆள் உட்காரும் அளவு வெள்ளை கிடந்தது.
அதை நிரப்பச் சொல்லி நான் கேட்கவில்லை.

வியாழக்கிழமை பெருந்துறையில் இன்டர்வியூ.
அங்கே வாயைத் திறந்தால்
ஐ இல்லாமல் பேச முடியாது, தெரியும்.
அதை அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

தாள் சூடாக வந்தது.
டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன், பழக்கம்.
ஓட்டை இல்லை, கறை இல்லை.
இடது ஓரம் மட்டும் ஒரு நூல் ஏறியிருந்தது.

பாஸ் போட்டேன்.