ஒரு மதிப்பெண் வினா

புதுவயல். பத்தாம் வகுப்பு, மூன்றாம் பாடவேளை.
மில்லில் நெல் அவிக்கும் வாசனை
எனக்கு முன்னால் வகுப்புக்கு வந்துவிட்டது.
பலகையின் நடுவில் கோடு இழுத்தேன்.
இந்தப் பக்கம் பொருள்,
அந்தப் பக்கம் அது குறிப்பது.

"ஆர்க்கிடைப்" என்றேன்.
"லோயரா ஹையரா மிஸ்?" என்றான் சகுபர் அலி.
அவன் அக்கா கல்லுக்கட்டியில் டைப்ரைட்டிங் போகிறாள்.
சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம்.
நானும் சிரித்ததால் ஏழு.

பிறகு வந்தார்கள்:
வீட்டை விட்டுப் புறப்படும் வீரன்,
வாளைக் கொடுத்துவிட்டுப் பாதிக் கதையில் செத்துப்போகும் குரு,
வாசலை மறிப்பவன்,
நிழல்.

"வீட்ட விட்டுப் போறவன்தான் ஹீரோன்னா
எங்க தெருவுல ஆம்பள பூராம் ஹீரோதான் மிஸ்.
எல்லாரும் குவைத்துல"
என்றாள் அடைக்கலசெல்வி.
போனவன் ஏதாவது கொண்டுவர வேண்டும் என்றேன்,
கதையின் விதிப்படி.
"கோடாலித் தைலம்" என்றது பின்வரிசை.

அடுத்து நிறங்கள்.
வெள்ளை: தூய்மை.
சிவப்பு: ஆபத்து, சில நேரம் காதல்.
பச்சை: பொறாமை என்றதும்
நடவு பார்த்த பிள்ளைகள்
நம்பாமல் எழுதிக்கொண்டார்கள்.
கறுப்பு: தீமை.

நாற்பது தலைகள்
ஒரே நேரத்தில் கடைசி பெஞ்சுக்குத் திரும்பின.
அங்கே பெரியகருப்பன்
பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தான்.
"டேய், ஒன்னயத்தான்டா சொல்றாங்க."
அவன் என்னைப் பார்க்கவில்லை.
பலகையைப் பார்த்தான்.
அதன் நிறத்தைப் பார்த்தான் என்று
இப்போது தோன்றுகிறது. அப்போது
அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.
போர்ஷன் முடிக்க வேண்டும்.

காலாண்டுத் தேர்வு, பதினொன்றாம் வினா.
கறுப்பு எதைக் குறிக்கிறது?
ஏ, பி, சி என்று மூன்று கொடுத்திருந்தேன்:
தீமை, துக்கம், அச்சம்.
வினா என்னுடையது,
விடைக்குறிப்பும் என்னுடையது.

அவன் மூன்றையும் தொடவில்லை.
கீழே ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டு
'டி' என்று நான்காவதை அவனே சேர்த்து
அவனே வட்டமிட்டிருந்தான்.
காவல்.
ஆங்கிலத்தில்தான்.
'யு'வும் 'ஏ'வும் மட்டும் இடம் மாறி நின்றன.

மற்றதைக் கூட்டிப் பார்த்தேன். அறுபத்தொன்று.
தேறுவதற்கு இந்த ஒன்று வேண்டியதில்லை அவனுக்கு.
வேண்டியிருந்தால்
இரக்கம் என்று பெயர் வைத்துப் போட்டுவிட்டுத்
தூங்கப் போயிருப்பேன்.

சாயங்காலம் ஸ்கூட்டியில் காரைக்குடி திரும்பும் வழி.
சாக்கோட்டை தாண்டி ஊருணிக் கரையில்
அரிவாளோடு நிற்கிறார் கருப்பர்.
மண்குதிரை ஒன்றுக்கு இடது காது இல்லை,
அதில் யாரோ குடையை மாட்டியிருந்தார்கள்.
அதற்கப்புறம் தெருவிளக்கு கிடையாது.
மூன்று வருடமாய் அந்த இடத்தில்
ஆக்ஸிலேட்டரைத் தளர்த்தி
ஹெல்மெட்டுக்குள் சொல்கிறேன்,
"வர்றேன்யா."
இது எதற்குக் குறியீடு என்று
ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.
எம்.ஏ., பி.எட்.

இன்றைக்கும் தளர்த்தினேன்.
வாய் வரவில்லை.
பையில் அவருக்கு எதிரான சாட்சியம்,
என் கையெழுத்தில்.

ராத்திரி சிவப்புப் பேனாவைத் திறந்தேன்
(ஆபத்து, சில நேரம் காதல்).
'டி'க்குப் பக்கத்தில் சரி போட்டேன்.
எழுத்துப் பிழையைச் சுழித்தேன்.
அது வேறு, இது வேறு.
அறுபத்திரண்டு.

நாளை தாளைக் கொடுத்ததும்
சகுபர் அலி எழுந்து கேட்பான்:
"அவனுக்கு மட்டும் ஏது மிஸ் நாலாவது ஆப்ஷன்?"
கேட்கட்டும்.
பதிலுக்கு ஒரு ராத்திரி இருக்கிறது,
அதில் பாதி போய்விட்டது.

அடுத்த தாள் அடைக்கலசெல்வியுடையது.
பதினொன்று: ஏ, தீமை.
நான் சொன்னதை அப்படியே,
அழகான கையெழுத்தில்.
சரி போட்டேன்.
கை
கொஞ்சம் நின்றுதான் போட்டது.